இந்த வாரம் யாருடைய முறை?

(முன்னாள் மாணவர் சந்திப்பில், 2011-ஆம் ஆண்டு இயந்திரவியல் பிரிவில் பட்டம் பெற்ற மாணவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பதினைந்து நிமிஷம் பேசுப்பா, ஹாஸ்டல் கதை ஏதாவது எடுத்து விடு" என்று சங்கச் செயலாளர் சொல்லியிருந்தார். ஹாஸ்டல் கதை சொல்வதற்கு என்னைவிடப் பெரிய கைகள் இந்த அரங்கிலே நிறைய உண்டு. அதனால் எனக்குக் கொடுத்த நேரத்தை வேறொரு விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு 2022 நவம்பரில் மோட்டார் நியூரான் நோய் என்று உறுதியானது. அதிலும் ஏ.எல்.எஸ். என்ற வகை. அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். "இதைப் பற்றிப் பேசட்டுமாடா?" என்று போன வாரம் கேட்டேன். "கதை சொல். பேர் வேண்டாம்" என்றான். இந்த நாலு வார்த்தை சொல்ல அவனுக்கு ஆறு நிமிஷம் ஆனது. எப்படிச் சொன்னான் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இந்த நோய் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தசைகளை அசைக்கச் சொல்லி உத்தரவு போடுகிற நரம்பு செல்கள் மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வருகின்றன. மோட்டார் நன்றாக இருக்கிறது, கன்ட்ரோல் கேபிள் அறுந்துபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உத்தரவு வராத தசை மெலிந்துபோகிறது. கை, கால், பேச்சு, விழுங்குதல், கடைசியில் மூச்சு என்று போகும். ஒருவருக்குக் கையில் தொடங்கும், இன்னொருவருக்கு நாக்கில் தொடங்கும். கண் அசைவு பெரும்பாலும் தப்பிவிடும். தொடு உணர்ச்சி போவதில்லை. கொசு கடித்தால் தெரியும், ஓட்டத்தான் முடியாது. சிலருக்கு யோசனையிலும் நடத்தையிலும் மாற்றம் வருவதுண்டு. நம்ம நண்பனுக்கு அறிவு முழுசாக இருக்கிறது, கிண்டலும் அப்படியே இருக்கிறது. இது தொற்றுநோய் இல்லை. நூற்றில் சுமார் பத்துப் பேருக்குத்தான் பரம்பரையாக வருகிறது.

நம்ம ஆளுக்கு முதலில் வலது காலில் செருப்பு தானாகக் கழன்று விழுந்தது. பிறகு சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. ஒரு வருஷம் முதுகெலும்பு, சத்துக்குறைவு என்று அலைந்த பிறகுதான் நரம்பியல் மருத்துவர் பரிசோதித்து முடிவு சொன்னார். அப்போது அவனுக்கு முப்பத்து மூன்று வயது. மகளுக்கு நாலு வயது.

மருந்து இல்லாமல் இல்லை. ரிலுசோல் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 1995-இல் அனுமதி கிடைத்தது. அது நோயைச் சற்று மெதுவாக்கும், நிறுத்தாது. எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் கோளாறு உள்ள சிலருக்காக டோஃபெர்சன் என்ற மருந்து 2023-இல் வந்தது. பெரும்பாலோர் நோய் தொடங்கி இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வாழ்கிறார்கள். சுமார் பத்தில் ஒருவர் பத்து ஆண்டுகளைத் தாண்டுகிறார். ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு 1963-இல் இருபத்தொரு வயதில் நோய் தெரிந்தது, 2018 வரை இருந்தார். ஆனால் அவர் மிக அபூர்வமான விதிவிலக்கு. அவரைக் காட்டி ஒரு குடும்பத்துக்கு வாக்குறுதி கொடுக்கக் கூடாது.

இந்த நோய்க் குடும்பத்தில் வேறு வகைகளும் உண்டு. இளம் வயதில் வந்து, காது கேளாமையும் சேர்ந்து, மெதுவாக நகர்கிற ஒரு வகையை மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், பி. ராமமூர்த்தி ஆகிய நம் சென்னை மருத்துவர்கள் 1970-இல் விவரித்தார்கள். உலகம் முழுக்க அதற்கு 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்றே பெயர். ஆகவே எந்த வகை என்று மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்வது முக்கியம். இதைக் கேட்டுவிட்டு, தோளில் சதை துடிக்கிறதே என்று யாரும் இன்றைக்கு ராத்திரி தூங்காமல் இருக்க வேண்டாம். சதைத் துடிப்பு எல்லாருக்கும் வருவதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் பேச வந்தது நோயைப் பற்றி இல்லை, நண்பர்களைப் பற்றி.

ஒரு வீட்டில் இப்படி ஒரு செய்தி வந்தால் முதல் மாதம் கூட்டம் தாங்காது. ஆப்பிள், ஆரஞ்சு, ஹார்லிக்ஸ் என்று மேஜை நிறைந்துவிடும். இரண்டாம் மாதம் போன் வரும். ஆறாம் மாதம் வாட்ஸ்அப்பில் கும்பிடு போடுகிற கை மட்டும் வரும். யாரும் கெட்டவர்கள் இல்லை. விபத்துக்கும் ஆபரேஷனுக்கும் உதவுவதுதான் நமக்குப் பழக்கம். ஓடி வருவோம், ரத்தம் கொடுப்போம், ஆஸ்பத்திரி வராந்தாவில் படுப்போம். பத்து நாளில் அது முடிந்துவிடும். இது முடியாத வேலை. ஒவ்வொரு மாதமும் போன மாதத்தைவிடக் கூடிக்கொண்டே போகிற வேலை. கூட்டம் குறைகிற நேரத்தில்தான் வேலை கூடுகிறது. அந்த இடைவெளி முழுவதும் ஒரே ஒரு ஆள் தலையில் விழுகிறது. பெரும்பாலும் அது மனைவி.

நண்பனுடைய மனைவி ஒருநாள் என்னிடம் சொன்னார்: "அண்ணா, எல்லாரும் 'எதுன்னாலும் ஒரு போன் பண்ணுங்க'ன்னு சொல்லிட்டுப் போறாங்க. எதுக்குப் பண்ணணும், யாருக்குப் பண்ணணும், அவங்க ஆபீஸ்ல இருப்பாங்களான்னு யோசிக்கிறதே எனக்கு இன்னொரு வேலையா இருக்கு."

இந்த ஒரு வார்த்தையிலே எல்லாம் இருக்கிறது. 'என்ன உதவி வேண்டும்?' என்று கேட்பது, வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பையும் அவர் தலையிலேயே வைப்பது. 'செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு வருகிறேன், எட்டு வரை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பதுதான் உதவி.

காவிரிப் பாசனத்தில் முறைப்பாசனம் என்று ஒன்று உண்டு. தண்ணீர் குறைவாக இருக்கும்போது இன்ன வாய்க்காலுக்கு இன்ன நாள் என்று முறை வைத்து விடுவார்கள். எல்லா மடையையும் ஒரே நாளில் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. நண்பர்களின் நேரமும் அப்படித்தான். எல்லாருக்கும் வேலை இருக்கிறது, குழந்தை இருக்கிறது, ஈ.எம்.ஐ. இருக்கிறது. உள்ள நேரம் கொஞ்சம்தான். ஆனால் முறை வைத்தால் அது வருஷக்கணக்கில் வரும்.

அவன் வீடு தாம்பரம் பக்கம். சென்னையில் இருக்கிற நாங்கள் ஆறு பேர் முறை வைத்துக்கொண்டோம். ஞாயிறு காலை இரண்டு பேர்: குளிப்பாட்டுவது, சவரம் செய்வது, நகம் வெட்டுவது. செவ்வாய் மாலை ஒருவர்: இரண்டு மணி நேரம் அவனோடு இருப்பது. அந்த இரண்டு மணி நேரம் மனைவி எங்கே போகிறார் என்று கேட்பதில்லை. கோயிலுக்குப் போகலாம், பக்கத்து அறையில் தூங்கலாம். வியாழன் மாலை ஒருவர்: மகளுக்கு வீட்டுப்பாடம், பிறகு பார்க்கில் சறுக்குமரம். இன்னொருவர் சாமான்களுக்குப் பொறுப்பு. ஆறாவது ஆள் மாற்று ஆள். பெங்களூரில் இருப்பவன் இன்சூரன்ஸ், பில், ஆபீஸ் கடிதம் எல்லாவற்றையும் போனிலேயே பார்த்துக்கொள்கிறான். துபாயில் இருப்பவன் பகல் நேர உதவியாளர் சம்பளத்தில் பாதியை மாதம் 5-ஆம் தேதி அனுப்பிவிடுகிறான். ஒரே தடவை பெரிய தொகை கொடுப்பதைவிட, மாதாமாதம் தேதி தவறாமல் வருகிற சின்னத் தொகை அந்த வீட்டுக்குத் தெம்பு.

நாங்கள் வைத்துக்கொண்ட விதிகள் ஐந்துதான்.

ஒன்று: உன் முறைக்கு வர முடியாவிட்டால் மாற்று ஆளை நீயே ஏற்பாடு செய். அந்தத் தகவல் அவர் மனைவிக்குப் போகக் கூடாது. அவருக்குத் தெரிய வேண்டியது, ஆறு மணிக்குக் காலிங் பெல் அடிக்கும் என்பது மட்டும்.

இரண்டு: அந்த வீட்டில் நாம் விருந்தாளி இல்லை. காபி எதிர்பார்க்கக் கூடாது. பிளாஸ்கில் டீ கொண்டு போ, எல்லாருக்குமாகக் கொண்டு போ.

மூன்று: அவனிடம் பேசு. அவனை நடுவில் வைத்துக்கொண்டு "சாப்பிட்டானா, தூங்கினானா" என்று மற்றவர்களிடம் கேட்காதே. பதில் வர நேரமாகும். காத்திரு. அவன் சொல்ல வந்ததை நீ முடிக்காதே.

நான்கு: வைத்தியம் சொல்லாதே. கேரளாவில் ஒருவர், மலையில் ஒருவர் என்று அந்த வீட்டுக்கு ஏற்கெனவே நூறு யோசனை வந்தாகிவிட்டது. ஒரு கிளினிக் ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்டது. நகையை அடகு வைப்பது வரை பேச்சு போனது. ஏ.எல்.எஸ். நோய்க்கு ஸ்டெம் செல் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. ஆராய்ச்சிக்கு வெளியே இப்படிப் பணம் வாங்கிக்கொண்டு செய்யக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. நரம்பியல் மருத்துவரிடம் கூடவே போய்க் கேட்ட பிறகு நகை பீரோவிலேயே இருக்கிறது.

ஐந்து: முடிவுகள் அவனுடையவை, பிறகு அவன் குடும்பத்தினுடையவை. நமக்கு ஓட்டு கிடையாது.

இதற்கெல்லாம் ஒரு நோட்டு உண்டு. ஷிப்டு டூட்டி பார்த்தவர்களுக்கு லாக் புக் தெரியும். அதேதான். முதல் பக்கத்தில் மருந்து நேரம், எந்தப் பக்கம் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும், மருத்துவர் எண். பிறகு தேதி வாரியாக இரண்டு மூன்று வரி. "தண்ணீர் குடிக்கும்போது இரண்டு தடவை புரை ஏறியது." "இடது குதிகாலில் சிவப்பு, தலையணை மாற்றி வைத்தேன்." "ஐ.பி.எல். பார்த்தோம், சென்னை தோற்றது, மூடு சரியில்லை." புரை ஏறியது என்று மூன்று வாரம் தொடர்ந்து வந்ததைப் பார்த்துத்தான் மருத்துவரிடம் முன்கூட்டியே போனோம்.

முன்கூட்டியே என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். நான் வேலை பார்ப்பது பராமரிப்புப் பிரிவில். பேரிங் உடைந்த பிறகு மாற்றுவது பிரேக்டவுன் வேலை, சத்தம் மாறும்போதே மாற்றுவது தடுப்புப் பராமரிப்பு. இந்த நோயை நிறுத்த முடியாது, ஆனால் அடுத்து என்ன வரும் என்று ஓரளவு தெரியும். ஆகவே ஒரு படி முன்னால் நிற்கலாம். அது நண்பர்கள் செய்யக்கூடிய வேலை. ஏனென்றால் வீட்டில் உள்ளவர்களுக்கு இன்றைய பொழுதைப் பார்க்கவே நேரம் போதாது.

அவன் கைத்தடியோடு நடந்துகொண்டிருந்தபோதே சக்கர நாற்காலிக்கு வீட்டை அளந்தோம். சாதாரண சக்கர நாற்காலி இரண்டடிக்கு மேல் அகலம். நம்ம வீட்டுக் குளியலறைக் கதவு பல இடங்களில் இரண்டரை அடிதான், நிலையும் தாழ்ப்பாளும் போக உள்ளே நுழையாது. வாசலில் சாய்தளம் போட ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கு. ஆறு அங்குலப் படிக்கு ஆறடி நீளம் வேண்டும். சிவில் நண்பன் ஒருவன் ஒரு சனி ஞாயிறில் முடித்துக் கொடுத்தான்.

விழுங்குவது கஷ்டமாகும்போது வயிற்றில் நேராகக் குழாய் வைப்பார்கள். அதை மூச்சுத்திறன் நன்றாகக் குறைவதற்கு முன்னால் வைப்பது பாதுகாப்பு என்று மருத்துவர் சொன்னார். சாப்பிட முடிகிறபோதே குழாய் எதற்கு என்று வீட்டில் தயங்கினார்கள். அவனுடைய அம்மாவுக்கு அதை விளக்கிச் சொல்ல, மருத்துவரிடம் தனியாக ஒரு நேரம் கேட்டு அழைத்துப்போனோம்.

ராத்திரியில் மூச்சுக்கு உதவ முகமூடி போட்ட பைபேப் இயந்திரம் வந்தது. சளி எடுக்க சக்‌ஷன் இயந்திரம் வந்தது. இங்கேதான் நம்ம படிப்புக்கு வேலை. கரண்ட் போனால் என்ன ஆகும்? பைபேப், அதன் ஹியூமிடிஃபையர், சக்‌ஷன் மூன்றுக்கும் லோடு கணக்குப் போட்டு, தனி இன்வெர்ட்டர் வைத்து, அதில் டி.வி., ஃபேன் எதையும் சேர்க்காமல் தனி லைன் இழுத்தோம். மாதம் ஒருமுறை மெயினை அணைத்து எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று பார்க்கிறோம். அதோடு கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை ஒன்று கட்டிலருகே தொங்குகிறது. வீட்டில் எல்லாரும் அதைப் பயன்படுத்த மருத்துவமனையிலேயே கற்றுக்கொண்டார்கள்.

பேச்சு குழறத் தொடங்கிய அன்றே குரலைப் பதிவு செய்தோம். மகள் பெயர், "சாப்பிட்டியா?", "படிச்சியா?", "அம்மாவைக் கூப்பிடு", அவனுடைய அந்தப் பழைய சிரிப்பு. இன்றைக்கும் மகள் தூங்கப் போகும்போது அப்பா குரலில் "குட் நைட்" கேட்டுவிட்டுத்தான் படுக்கிறாள்.

இப்போது அந்த நாலு வார்த்தைக்கு வருகிறேன். கண் அசைவைப் பார்த்து எழுதுகிற கணினிகள் இருக்கின்றன, விலை அதிகம். அவனிடம் இருப்பது ஒரு அட்டை. தமிழில் 247 எழுத்து. எல்லாவற்றையும் அட்டையில் எழுதினால் ஒரு வாக்கியத்துக்கு ஒரு பொழுது ஆகும். ஆனால் நம்ம இலக்கணமே இதற்கு வழி வைத்திருக்கிறது. முதலில் "உயிர், வல்லினம், மெல்லினம், இடையினம்" என்று படிப்போம். எதில் கண் சிமிட்டுகிறானோ அந்த வரிசை. மெய் என்றால் ஒவ்வொரு வரிசையிலும் ஆறே எழுத்து. பிறகு "குறில், நெடில், புள்ளி". 'கா' வேண்டும் என்றால் வல்லினத்தில் 'க்', நெடிலில் 'ஆ', அவ்வளவுதான். ஷ, ஜ, ஸ எல்லாம் கிடையாது, 'ச' போட்டால் நாங்களே புரிந்துகொள்வோம். ஆறாம் வகுப்பில் வல்லினம் மெல்லினம் ஒப்பிக்கச் சொல்லி அடித்த தமிழய்யாவுக்கு எங்கள் நன்றி. கரண்ட் வேண்டாம், சார்ஜ் வேண்டாம், ஏழு வயது மகளும் படிக்கிறாள்.

பணத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. தீவிர நோய்களுக்கான இன்சூரன்ஸ் எடுத்திருப்பவர்கள் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். இந்திய காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் தரப்படுத்திய தீவிர நோய் விளக்கங்களில், நிரந்தர அறிகுறிகளோடு கூடிய மோட்டார் நியூரான் நோயும் ஒன்று. அவனுடைய பத்திரத்தில் அது இருந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. பெங்களூர் நண்பன் ஒரு ராத்திரி உட்கார்ந்து படித்துக் கண்டுபிடித்தான். மாற்றுத்திறனாளி சான்றும் அடையாள அட்டையும் சீக்கிரமே வாங்கிவிடுங்கள். அரசு அல்லது பொதுத்துறை வேலையில் இருப்பவர்கள், பணிக்காலத்தில் உடல் குறைபாடு வந்தால் வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு சொல்வதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக, சொல்லக் கஷ்டமான ஒரு விஷயம். மூச்சு முகமூடியால் போதாமல் போகும் நாள் ஒன்று வரும். அப்போது கழுத்தில் துளையிட்டு வென்டிலேட்டரில் வைப்பதா, வேண்டாமா என்ற கேள்வி வரும். வைத்தால் சில வருஷங்கள் கூடலாம், ஆனால் இருபத்து நாலு மணி நேரமும் ஆள் வேண்டும். இதில் சரி தப்பு கிடையாது. ஆனால் நடுராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி தனியாக எடுக்க வேண்டிய முடிவு அல்ல அது. உயில் போலவே, இன்ன சிகிச்சை வேண்டும், இன்னது வேண்டாம் என்று முன்னதாக எழுதி வைக்க உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் வழி செய்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும் என்றது. கை ஓரளவு அசைந்தபோதே அவன் எழுதி வைத்துவிட்டான். என்ன எழுதினான் என்று நாங்கள் கேட்கவில்லை. நாங்கள் செய்தது நோட்டரியை வீட்டுக்கு அழைத்து வந்ததும், அன்று மாலை மகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனதும்தான்.

இது நாங்கள் கண்டுபிடித்த வித்தை இல்லை. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி நிவாரண, தணிப்புப் பராமரிப்புச் சங்கமும், அதன் வழியில் கேரளத்து ஊர்களில் வளர்ந்த தொண்டர் குழுக்களும் பக்கத்து வீட்டுக்காரர்களை வைத்தே இதைச் செய்து காட்டின. தூரத்தில் இன்னொரு உதாரணம்: அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் மோரி ஷ்வார்ட்ஸுக்கு இதே நோய். 1995-இல் காலமானார். அதற்கு முந்தைய மாதங்களில் பழைய மாணவர் மிட்ச் ஆல்போம் செவ்வாய்க்கிழமைதோறும் வந்து அவரோடு உட்கார்ந்தார். அவர் கொண்டுவந்தது மருந்து அல்ல, ஒரு கிழமை.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கடைசி வருஷ பிராஜெக்டுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள், விரல் நுனி அசைவிலோ கன்னத் தசை அசைவிலோ அடிக்கிற ஒரு அழைப்பு மணி செய்து பாருங்கள். ராத்திரி மூன்று மணிக்கு மனைவியை எழுப்ப அவனுக்கு இப்போது அதுதான் தேவை. செய்துவிட்டுக் கல்லூரி ஷோகேஸில் வைக்காதீர்கள். எங்களோடு வாருங்கள், வீட்டில் பொருத்திப் பார்ப்போம். ஒரு மாதத்தில் அவன் தசை மாறும், நீங்களும் மாற்றித் தர வேண்டியிருக்கும்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்ம சங்கத்தில் பல ஊர்க்காரர்கள், பல வயதுக்காரர்கள் இருக்கிறோம். இந்த நோயாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பார்க்கின்சன், தசைச்சிதைவு, மறதி நோய் என்று ஏதோ ஒன்று நம்மில் இன்னொரு வீட்டில் இப்போதே இருக்கலாம். சொல்லாமல் இருக்கலாம். சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் ஒரு மேஜை போட்டு ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். நன்கொடை நோட்டு இல்லை. அதில் நாலு கட்டம்தான்: பெயர், ஊர், எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம். வாரத்துக்கு வேண்டாம், மாதத்துக்கு இரண்டு மணி நேரம் என்று எழுதினாலும் போதும். ஆனால் எழுதினால் வர வேண்டும்.

வருகிற செவ்வாய்க்கிழமை என் முறை. இங்கே எடுத்த போட்டோக்களைக் கொண்டுபோய் அவனுக்குக் காட்டப் போகிறேன். யார் யாருக்குத் தொப்பை, யார் யாருக்கு வழுக்கை என்று ஒவ்வொரு எழுத்தாகக் கண் சிமிட்டிச் சொல்லுவான். நேரம் ஆகும், பரவாயில்லை, எட்டு மணி வரை எனக்கு வேறு வேலை இல்லை.